கிராப்பித் தூண்டிலுக்குத் தமிழ்ச் சொற்கள்: ‘ஆக்‌ஷன்’ என்றால் செயலா, நிவப்பா?

மடல் 1 – மெம்பிசிலிருந்து

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

மெம்பிஸ் நகரிலிருந்து தெற்கே போனால் மிசிசிப்பி மாநிலத்தின் நான்கு பெரிய நீர்த்தேக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: ஆர்க்கபட்லா, சார்டிஸ், ஈனிட், கிரெனடா. வசந்தம் பிறந்ததும் கிராப்பி என்னும் மீனுக்காக இந்த ஊர்க்காரர்கள் சோறு தண்ணீரை மறந்துவிடுவார்கள். வெள்ளைக் கிராப்பியில் உலகச் சாதனை மீன் 1957-ல் ஈனிட் ஏரியில்தான் பிடிபட்டது. எடை 5 பவுண்டு 3 அவுன்ஸ். நம் கைக்கு வருபவை பெரும்பாலும் அரைக் கிலோவுக்கு உள்ளே.

புதிதாகத் தூண்டில் வாங்கப்போகும் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கக் கையேடு எழுத உட்கார்ந்தேன். கோல், முள், ஈயம் வரை பேனா ஓடியது. கோலின் ‘பவர்’, ‘ஆக்‌ஷன்’ என்ற இடத்தில் நின்றுவிட்டது. கடையில் எந்தக் கோலை எடுத்தாலும் பிடிக்கு மேலே இந்த இரண்டும் எழுதியிருக்கும். கோலை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது பவர். வளைவு எந்த இடத்தில் விழுகிறது, விட்டதும் கோல் எவ்வளவு விரைவில் நிமிர்கிறது என்பது ஆக்‌ஷன். இரண்டையும் குழப்பிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். முதல் ஆண்டு கடைக்காரர் பேச்சைக் கேட்டு, பெரிய பாஸ் மீனுக்கான விறைத்த கோல் ஒன்றை வாங்கினேன். மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுப்பேன். முள் மட்டும் திரும்பி வரும், நுனியில் சவ்வுத் துணுக்கு ஒட்டியிருக்கும். கிராப்பியின் வாய் அவ்வளவு மெல்லியது. ‘பேப்பர்மவுத்’ என்பதே அதன் பட்டப்பெயர். அந்த ஆண்டு எத்தனை மீனின் வாயைக் கிழித்தேனோ தெரியாது, வீட்டுக்குக் கொண்டுவந்தவை நான்கு.

ஆகவே பிள்ளைகளுக்கு இந்த இரண்டு சொற்களும் தெளிவாக வேண்டும். நூல் சுற்றும் ராட்டையில் (ரீல்) உள்ள ‘டிராக்’, ஈயத்தலை வைத்த ‘ஜிக்’, நூலில் ஏறி இறங்கும் ‘ஸ்லிப் பாபர்’ ஆகியவற்றுக்கும் சொல் தேவை. உதவுங்கள்.

மடல் 2 – சென்னையிலிருந்து

அன்புடையீர்,

பவர் – ஆற்றல். ஆக்‌ஷன் – செயல்வேகம். டிராக் – இழுவை. பாபர் – மிதவை. ரீல் – சுழலி. அகராதிகளில் ஏற்கெனவே உள்ள சொற்களையே எடுத்துக்கொண்டால் பிற துறைகளோடு ஒத்திசைவு கிடைக்கும். இயற்பியல் நூல்களிலும் டிராக் என்பது இழுவைதான். புதிதாக எதையும் உருவாக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

மடல் 3 – நாகர்கோவிலிலிருந்து

மெம்பிஸ் தம்பிக்கு,

சென்னை ஐயாவின் மேல் மதிப்பு உண்டு. ஆனாலும் ‘மிதவை’ என்பதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் குளத்தங்கரையில் எட்டு வயதுப் பையன்கூட அதைத் தக்கை என்பான். மயிலிறகுத் தண்டை நறுக்கிக் கட்டினாலும் தக்கை, ரப்பர் செருப்பை வெட்டிக் கட்டினாலும் தக்கை, கடையில் வாங்கிய சிவப்புப் பிளாஸ்டிக் உருண்டையும் தக்கை. உயிரோடு இருக்கும் சொல்லை விட்டு மிதவையைத் தேடுவானேன்? மிதவை என்றால் எனக்குக் கட்டுமரம் நினைவுக்கு வருகிறது.

உங்கள் ஸ்லிப் பாபர் என்பது நூலில் வழுக்கி ஓடி, முடிச்சு தடுத்ததும் நிற்பதுதானே? ‘ஓடுதக்கை’ என்று எழுதுங்கள். முடிச்சுக்குத் ‘தடைமுடிச்சு’. வேலை முடிந்தது.

டிராக் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அதை இழுவை என்றால் பொருளே தலைகீழாகிவிடும். இழுப்பது மீன், அந்தக் கருவியின் வேலை நூலை விட்டுக்கொடுப்பது. மீன் ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் உள்ளே இருக்கும் தட்டுகள் வழுக்கி நூல் வெளியே போகிறது, இழுப்பு தளர்ந்ததும் பற்றிக்கொள்கிறது. இதற்கு நம்மிடம் பிறந்ததிலிருந்து ஒரு சொல் இருக்கிறது, தம்பி: விட்டுப்பிடிப்பது. பிள்ளை வளர்ப்பிலும் கடன் வசூலிலும் சொல்கிறோமே, அதுவேதான். அந்தத் திருகுக்கு ‘விட்டுப்பிடி’ என்று பெயர் வையுங்கள். ‘நெகிழ்பிடி’ என்றும் யோசித்தேன். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். விட்டுப்பிடிக்கு வேண்டாம்.

நூலுக்கு எங்கள் பக்கக் கடைகளில் நரம்பு என்றே கேட்பார்கள். நைலான் வருவதற்கு முன் வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் முள்ளுக்கு அருகே கட்டியதும் பட்டுப்புழுவின் உள்ளிருந்து இழுத்த நரம்புதான். ஆகவே கூச்சப்பட வேண்டாம்.

மடல் 4 – யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். நாகர்கோவில் ஐயா நரம்பு என்கிறார், நாங்கள் தங்கூசி என்போம். தங்கூசி வலையைத் தடைசெய்வது பற்றி இங்கே பத்திரிகைகளில் எத்தனை செய்திகள்! எனவே கையேட்டில் இரண்டையும் போடுங்கள். நரம்பு என்று மட்டும் போட்டால் எங்கள் பிள்ளைகள் மருத்துவக் குறிப்பு என்று நினைப்பார்கள்.

ஆக்‌ஷனுக்குச் ‘செயல்வேகம்’ பொருந்தாது. ‘ஃபாஸ்ட் ஆக்‌ஷன்’ கோல் வேகமாக ஏதோ செய்துவிடும் என்று பிள்ளை நம்பும். மெம்பிஸ் அண்ணா சொன்ன விளக்கத்திலேயே விடை இருக்கிறது: வளைவு எங்கே விழுகிறது? நுனியில் மட்டும் வளைந்தால் ‘நுனிவளைவு’, பாதிவரை வளைந்தால் ‘இடைவளைவு’, பிடிவரை வளைந்தால் ‘முழுவளைவு’. பார்த்தாலே தெரிகிற ஒன்றுக்கு வேகம் எதற்கு?

மடல் 5 – மெம்பிசிலிருந்து

அனைவருக்கும் நன்றி. மூன்று நாளாக இதே யோசனைதான்.

> பார்த்தாலே தெரிகிற ஒன்றுக்கு வேகம் எதற்கு?

சகோதரி சொன்னது நெற்றியில் அடித்தது போல இருந்தது. ஆனாலும் எனக்கு ஓர் ஆசை உண்டு, சொல்லிவிடுகிறேன். குறுந்தொகை 54-ஆம் பாட்டு நினைவிருக்கும். தினைப்புனம் காப்பவரின் கவண் ஒலிக்கு வெருண்ட காட்டு யானை, வளைத்துத் தின்றுகொண்டிருந்த பச்சை மூங்கிலை விட்டுவிடுகிறது. மூங்கில் விருட்டென்று மேலே எழுகிறது. ‘மீன்எறி தூண்டிலின் நிவக்கும்’ என்கிறார் புலவர். மீன் சிக்கியதும் மேலே வீசிய தூண்டில் போல. இந்த ஓர் உவமைக்காகவே அவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர் நிலைத்துவிட்டது. வளைந்த கோல் விடுபட்டு நிமிர்வதைத் தமிழில் ஒருவர் ஏற்கெனவே இவ்வளவு துல்லியமாகப் பார்த்து, அதற்கு ஒரு வினைச்சொல்லும் போட்டுவைத்திருக்கிறார். நாம் ‘ஆக்‌ஷன்’ என்பதைச் ‘செயல்’ ஆக்கிக்கொண்டிருக்கிறோம்! ஆகவே ‘நிவப்பு’ என்பது என் முன்மொழிவு.

நிவப்பு என்றால் அகராதியில் உயர்ச்சி என்றுதான் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் புரியாது என்று நாகர்கோவில் ஐயா தனி மடலில் கண்டித்தார். நியாயம்தான். நேற்று மாலை இரண்டு கோல்களைத் திண்ணையில் வைத்து என் மகளிடம் சோதித்தேன். நிவப்பு என்றதும் அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. நுனிவளைவு என்றதும் கோலின் நுனியைச் சுவரில் ஊன்றி அழுத்திப் பார்த்து, “இது நுனி, அது இடை” என்று தானே பிரித்துவிட்டாள். எனவே சொற்பட்டியலில் தலைச்சொல்லாக நிவப்பு இருக்கட்டும், கையேட்டில் நுனிவளைவும் இடைவளைவும் முழுவளைவும் போகட்டும். தோற்றதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

பவருக்கு ஆற்றல் வேண்டாம். அது கோல் செலவழிக்கிற ஆற்றல் அன்று, கோலின் விறைப்பு. ‘அல்ட்ராலைட்’ – நொய்கோல். ‘லைட்’ – மென்கோல். ‘மீடியம்’ – நடுக்கோல். ‘ஹெவி’ – வன்கோல். நொய் அரிசியில் இருக்கும் அதே நொய்தான். கிராப்பிக்கு நொய்கோலோ மென்கோலோ போதும், ஐந்தரை அடியிலிருந்து ஏழு அடிக்குள். ஆறரை அடி இடைவளைவு மென்கோல் ஒன்றைப் பிள்ளை கையில் கொடுத்தால், அவள் எவ்வளவு வெடுக்கென்று இழுத்தாலும் கோல் வளைந்து அந்தக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும், மீனின் வாய் பிழைக்கும். நான் முதலில் வாங்கியது நுனிவளைவு வன்கோலுக்குப் பக்கத்து வீடு.

ரீலுக்குச் சுழலியா ராட்டையா? எனக்கு ராட்டை. கைப்பிடியைச் சுற்றினால் நூல் சேர்கிறது, வேறு என்ன வேண்டும்? இதில் ஒரு நுட்பம் மட்டும் இருக்கிறது. புதியவர்களுக்கு ஏற்ற ராட்டையில் நூல் சுற்றிய பகுதி வீசும்போது சுழல்வதே இல்லை. நூல் அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாக உருவிக்கொண்டு போகிறது. மளிகைக் கடையில் பொட்டலம் கட்ட நூற்கண்டிலிருந்து நூலை உருவுவார்களே, அப்படி. இந்த ஒப்புமை என் கற்பனை அன்று. டெக்சாசைச் சேர்ந்த ஆர். டி. ஹல் என்ற கடிகாரம் பழுதுபார்ப்பவர், மளிகைக் கடையில் கண்டிலிருந்து நூல் உருவுவதைப் பார்த்துத்தான் மூடிபோட்ட ராட்டைக்கு யோசனை பெற்றார் என்று சொல்வார்கள். அதை 1949-ல் செய்து விற்றது ஓக்லஹோமாவின் டல்சா நகரிலிருந்த ‘ஜீரோ அவர் பாம்ப் கம்பெனி’. எண்ணெய்க் கிணறுகளுக்கு நேர வெடிகுண்டு செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. அந்தப் பெயரின் சுருக்கம்தான் இன்று பிள்ளைகளின் தூண்டில்களில் காணும் ‘ஜெப்கோ’. ஆகவே சுழலாத அந்தப் பகுதிக்குக் ‘கண்டு’ என்றே பெயர். மூடி இருந்தால் ‘மூடுராட்டை’, இல்லாவிட்டால் ‘திறந்த ராட்டை’. ஏழெட்டு வயதுக்கு மூடுராட்டை. அதற்கு மேல் 1000 எண்ணுள்ள சிறிய திறந்த ராட்டை வாங்கினால் ஒன்றே முக்கால் கிராம் இரையையும் தூரம் வீசலாம்.

விட்டுப்பிடிக்கு மறுப்பே இல்லை, அது நாகர்கோவிலின் கொடை. கையேட்டில் எழுதிய வரி: ‘நரம்பைக் கையால் மெதுவாக இழுத்தாலே விட்டுப்பிடி நழுவ வேண்டும், நழுவாவிட்டால் திருகைத் தளர்த்து.’

நரம்பு (எங்கள் ஈழத்து வீடுகளுக்குத் தங்கூசி) 4 முதல் 6 பவுண்டு. அறாமல் தாங்கும் இந்த எடையைத் ‘தாங்கெடை’ என்கிறேன். கிராப்பி மூழ்கிய மரக்கிளைகளுக்குள் ஒளிந்திருக்கும், முள் அங்கே மாட்டாமல் திரும்பாது. அதனால்தான் இங்கே மெல்லிய கம்பியில் செய்த ‘அபர்டீன்’ முள் விற்கிறது. கிளையில் சிக்கினால் நிதானமாக இழுத்தால் போதும், முள் நிமிர்ந்து விடுபட்டுவிடும். குறட்டால் திரும்ப வளைத்துக்கொள்ளலாம். அதற்கு ‘நிமிர்முள்’ என்று பெயர் வைத்தேன். எண் 4, அல்லது 6. முள்ளின் எண் ஏற ஏற முள் சிறுக்கும் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன், ஏனென்றால் பெரியவர்களே ஏமாறுகிறார்கள். இந்த மீன் கீழே பார்க்காது, மேலே பார்த்துத்தான் இரையை எடுக்கும். அதனால் ஓடுதக்கையின் தடைமுடிச்சை, இரை மீனுக்குச் சற்று மேலே நிற்கும்படி வைக்க வேண்டும். ஆழமாக விட்டால் மீனின் வயிற்றுக்குக் கீழே இரை சும்மா தொங்கும்.

மீனின் பெயர். வெள்ளைக் கிராப்பி, கறுப்புக் கிராப்பி என்று மொழிபெயர்த்தால் குழப்பம்தான், ஏனென்றால் முட்டையிடும் பருவத்தில் வெள்ளையின் ஆணும் கறுத்துவிடும். நிறத்தை விட்டு முதுகுத் துடுப்பின் முள்ளை எண்ண வேண்டும்: 5 அல்லது 6 இருந்தால் வெள்ளை, 7 அல்லது 8 என்றால் கறுப்பு. கறுப்பின் அறிவியல் பெயரான நிக்ரோமாக்குலாட்டஸ் என்பதற்கே ‘கரும்புள்ளியுடையது’ என்றுதான் பொருள். ஆகவே அது கரும்புள்ளிக் கிராப்பி. உடலில் குறுக்குப் பட்டைகள் உள்ள மற்றது பட்டைக் கிராப்பி.

‘கிராப்பி’யை என்ன செய்வது என்று சென்னை ஐயா கேட்டிருந்தார். ஒன்றும் செய்ய வேண்டாம். 1952-ல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியாவுக்கு யாரும் கூட்டம் போட்டுச் சொல் ஆக்கவில்லை. சந்தையில் அது தானாகவே ஜிலேபிக் கெண்டை ஆனது. லூசியானாவில் இதே கிராப்பிக்கு ‘சாக்கலே’ என்று பெயர். பிரெஞ்சில் பால்பை என்று பொருள்படும். சோக்டா பழங்குடியினரின் ‘சக்லி’ என்ற சொல் பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்து அப்படி ஆனது என்கிறார்கள். நம் பிள்ளைகள் வாயில் கிராப்பி என்ன ஆகிறது என்று பொறுத்துப் பார்ப்போம். பட்டப்பெயருக்குத் ‘தாள்வாயன்’ போட்டிருக்கிறேன், அதை மட்டும் யாரும் பிடுங்காதீர்கள்.

மீதி இருப்பது ஜிக். முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றித் தலையாக்கி, வாலில் இறகோ ரப்பரோ வைத்தது. ‘ஈயத்தலை முள்’ சரியான சொல், ஆனால் சப்பென்று இருக்கிறது. ‘தலைக்கனத் தூண்டில்’ என்று மகள் சொன்னாள். 1/16 அவுன்ஸ் தலைக்கனம், 1/32 அவுன்ஸ் தலைக்கனம் என்று கடையில் கேட்டு வாங்குவதை நினைத்தால் எனக்கு வேண்டும்போல்தான் இருக்கிறது. சென்னை ஐயா ஒப்புக்கொள்வாரா?

மடல் 6 – சென்னையிலிருந்து

இழுவையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மிதவையையும். ஈயத்தலை முள்ளை அச்சில் போடுங்கள், தலைக்கனம் பேச்சோடு இருக்கட்டும். கலைச்சொல்லில் நகைச்சுவை நெடுநாள் தாங்காது.

மடல் 7 – மெம்பிசிலிருந்து

ஐயா, அப்படியே. ஆனால் பிள்ளைகளைத் தடுக்க என்னால் ஆகாது. ஏரித் தண்ணீர் 60 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டது, மீன் கரைப்பக்கம் வரத் தொடங்கிவிட்டது. சனிக்கிழமை விடிகாலை சார்டிசுக்குப் போகிறோம், கையேடு பன்னிரண்டு படிகள் எடுத்துவிட்டேன்.