எடிசனை விட்டு வெர்மான்ட்டுக்குப் போகலாமா?

எடிசன்வாசி:
நியூஜெர்சியின் எடிசன் ஊரில் எட்டு வருடமாக இருக்கிறோம். இப்போது வெர்மான்ட் மாநிலம் எசெக்ஸ் ஜங்ஷனில், முன்பு ஐபிஎம் நடத்திய சிப் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு முடிந்துவிட்டது. மனைவி எச்4 என்ற துணைவர் விசாவில், இஏடி எனும் வேலை அனுமதியோடு வேலை பார்க்கிறார். பெண் மூன்றாம் வகுப்பு. மாநிலம் மொத்தமும் சேர்த்து ஆறரை லட்சம் பேர்தானாம், சேலம் மாநகராட்சியை விடக் குறைவு. அங்கே இருப்பவர்களும் இருந்துவிட்டு ஓடிவந்தவர்களும் சொல்லுங்கள்.

பனிக்கரடி:
தாராளமாக வாங்க. நெடுஞ்சாலையில் ஒரு விளம்பரப் பலகை பார்க்க முடியாது, 1968-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியருக்கு உங்கள் பெண்ணின் பெயர் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். ரோடு போடும் வண்டி வாங்கலாமா வேண்டாமா என்று ஊரே உட்கார்ந்து சண்டை போட்டு, கை தூக்கி முடிவெடுப்பார்கள். எடிசனில் பக்கத்து அபார்ட்மென்ட்காரர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

கரூர்க்காரன்:
பனிக்கரடி அண்ணனுக்குக் கிரீன் கார்டு வந்தாச்சு, அதனால் அழகு தெரிகிறது. தம்பி எச்1பி. வேலை போனால் வேறு வேலை தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ கையில் 60 நாள். நியூஜெர்சியில் அந்த 60 நாளில் வீட்டை மாற்றாமலே பத்து கம்பெனிக்கு நேர்காணல் போகலாம். அங்கே அந்த ஆலையை விட்டால் சிப் வேலைக்கு வேறு எங்கே போவீர்கள்? வீட்டை விற்று, பெண்ணைப் பள்ளியிலிருந்து எடுத்து, எல்லாம் அந்த 60 நாளுக்குள். நான் வேறொரு கிராமப்புற மாநிலத்தில் இதைப் பட்டவன். ஊர் நல்ல ஊர்தான். ஒரே முதலாளியை நம்பி இருப்பதுதான் ஆபத்து.

பனிக்கரடி:
இப்போது பாதி வேலை வீட்டிலிருந்தே பார்க்கிற காலம். 2018-ல் வெளியூர் வேலையோடு குடிவருகிறவர்களுக்குப் பத்தாயிரம் டாலர் வரை தருகிறோம் என்று சட்டம் போட்ட மாநிலம் இது.

கரூர்க்காரன்:
அண்ணா, சிப் ஆலையின் தூசி புகாத க்ளீன் ரூமை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா? ஆள் வரவில்லை என்றுதானே காசு கொடுத்துக் கூப்பிட்டார்கள்?

மண்சாலை:
ரெண்டு பேரும் விசாவிலேயே நிற்கிறீர்கள். எசெக்ஸ் ஜங்ஷன், பர்லிங்டன் எல்லாம் கிராமமே கிடையாது, மாநிலத்தில் நாலில் ஒரு பங்கு ஆட்கள் அந்தக் கவுண்டியில்தான். அங்கே வீடு கிடைக்காமல், கிடைத்தாலும் விலை தாங்காமல், ஜெரிக்கோ, ஃபேர்ஃபாக்ஸ் என்று தள்ளிப் போவீர்கள். அப்போதுதான் கிராமம் தொடங்குகிறது. இந்த மாநிலத்தில் பாதிக்கு மேல் மண்ரோடு. மார்ச் கடைசியில் பனி உருகும்போது மேல் மண் குழம்பாகிவிடும், அடி மண் இன்னும் உறைந்தே கிடப்பதால் தண்ணீர் இறங்க வழியில்லை. சக்கரத் தடம் முழங்கால் ஆழம். அந்தத் தடத்தில் இறங்கினால் ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்காது, வண்டியின் அடிவயிறு தரையில் உரசும். கனரக வண்டி வரக்கூடாது என்று ஊர் நிர்வாகம் பலகை மாட்டிவிடும். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் லாரியும் அதில் அடக்கம், முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். கரண்ட் போனால் கிணற்று மோட்டார் நிற்கும், குழாயில் தண்ணீர் வராது. விறகு அடுப்பு, ஜெனரேட்டர், பனி டயர் எல்லாம் வீட்டு விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நான் இதையெல்லாம் விரும்பித்தான் இருக்கிறேன். உங்களுக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

தஞ்சை_டாக்டர்:
ஜே-1 பயிற்சி விசாவில் வந்த டாக்டர் படிப்பு முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற மூன்று வருடம் கிராமப்புற மருத்துவமனையில் வேலை பார்த்தவள், இந்த மாநிலத்தில்தான். மருத்துவர் போதாத இடத்தில் வேலை பார்த்தால் விசா சலுகை, மாநிலத்துக்கு வருடம் 30 பேர். ஊரில் டாக்டர் பற்றாக்குறை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சாதாரணக் காய்ச்சலுக்கு எங்களைப்போலக் கவனிக்க யாரும் கிடையாது, நோயாளி வீட்டு மேப்பிள் பாகுகூடக் கிடைக்கும். ஆனால் பெரிய விபத்து என்றால் பர்லிங்டனுக்கோ பக்கத்து நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள லெபனான் ஊருக்கோ ஹெலிகாப்டர், பனிப்புயல் அடித்தால் அதுவும் பறக்காது. வயதான பெற்றோரை வரவழைக்கப் போகிறீர்களா, அதை முதலில் சொல்லுங்கள் சார்.

எடிசன்வாசி:
அம்மா வருடத்துக்கு ஆறு மாதம் வருவார். இதய மாத்திரை சாப்பிடுகிறார். கோயில் இல்லாமல் அவருக்கு ஆகாது.

பனிக்கரடி:
மாண்ட்ரியல் பக்கம் முருகன் கோயில் இருக்கிறது, காரில் ரெண்டு மணி நேரம்தான். ஈழத்தமிழர் கடைகளில் முருங்கைக்காய் முதல் எல்லாம் கிடைக்கும்.

கரூர்க்காரன்:
அம்மாவுக்குக் கனடா விசா யார் எடுப்பது? இந்தியப் பாஸ்போர்ட்டோடு சும்மா தாண்டிப் போக அது என்ன வாலாஜா சுங்கச்சாவடியா?

வீட்டில்_நான்:
யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். அந்த அக்கா என்ன வேலை பார்க்கிறார்? என் கணவருக்காக ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்குப் போனேன். கார் ஒன்று, அதுவும் அவரிடம். பால் வாங்கவே பதினைந்து மைல். மரம் அழகாகத்தான் இருந்தது, பேச ஆள் இல்லை. அவர் சாயங்காலம் வந்து "எவ்வளவு அமைதி பாரு" என்பார். எனக்கு எரியும். ரெண்டு கார், அக்காவுக்கு ஒரு வேலை, இந்த இரண்டும் உறுதியாகாமல் கிளம்பாதீர்கள்.

பனிக்கரடி:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். என் மனைவி ஊர் நூலகத்தில் சேரும்வரை எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சுதான்.

மண்சாலை:
இன்னொன்று. ஊர் சுற்றிக் காட்டுகிறோம் என்று கம்பெனி அக்டோபரில் கூப்பிட்டால் போகாதீர்கள். இலையெல்லாம் சிவந்து கிடக்கும், அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். ஏப்ரலில் போய்ப் பாருங்கள். வீடு பார்த்தால் 2023 ஜூலை வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் ஏறியதா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், ஏஜென்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்த ஜூலையிலும் வந்தது.

எடிசன்வாசி:
மனைவி இதை முழுதும் படித்துவிட்டார். அவருடைய கம்பெனி அங்கிருந்தே வேலை பார்க்க விடுமா என்று திங்கட்கிழமை கேட்கிறார். அம்மாவின் டாக்டரிடமும் பேச வேண்டும். டாக்டர் மேடம், லெபனான் மருத்துவமனையில் வெளிநாட்டுப் பார்வையாளர் காப்பீடு செல்லுமா?