வாரத்துக்கு ரெண்டு மேட்ச்னா வலிக்குதா?

தொடைத்தசை: நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார், கோடி கோடியா சம்பளம் வாங்குற கால்பந்து ஆட்டக்காரனுக்கு வாரம் ரெண்டு மேட்ச் ஆடக் கசக்குதான்னு. பார்சிலோனா, ஸ்பெயின் நடுக்கள ஆளு பெத்ரி ஞாபகம் இருக்கா? 2020-21 சீசன்ல கிளப், நாடு எல்லாம் சேர்த்து 73 ஆட்டம். வயசு 18. ஜூலை 6 யூரோ (ஐரோப்பிய நாடுகளோட கோப்பை) அரையிறுதி, ஜூலை 22 டோக்கியோ ஒலிம்பிக். செப்டம்பர்ல தொடை போச்சு, அடுத்த சீசன்ல பாதிக்கு மேல வெளிய. இதுவும் நடிப்பா?

பழைய கோல்கம்பம்: அந்த "ஒருத்தர்" நான்தான், பேரைச் சொல்லியே எழுதலாம். 73-ல முழுசா 90 நிமிஷம் ஆடினது எத்தனை?

தொடைத்தசை: யூரோவுல மூணு நாக்அவுட்டும் கூடுதல் நேரம், கிட்டத்தட்ட முழுசா நின்னான். அது 90 இல்ல அண்ணாச்சி, 120. நடுக்கள ஆளு ஒரு மேட்ச்ல 10, 12 கிலோமீட்டர் ஓடுவான். தூரம்கூடப் பெரிசில்ல. முழு வேகத்துல போய் சட்டுனு பிரேக் அடிச்சுத் திரும்புறான் பாருங்க, தசை அடி வாங்குறது அங்கதான். செலவான கிளைகோஜன், அதான் தசையில சேமிச்சு வெச்ச சர்க்கரை, திரும்ப நிறைய ரெண்டு மூணு நாள் ஆகும். அதுக்குள்ள விமானம், அடுத்த மேட்ச்.

பழைய கோல்கம்பம்: பாடம் பிரமாதம். 73-ல எத்தனை முழு 90?

பெஞ்ச் சூடு: நான் ஞாயித்துக்கிழமை ஆட்டக்காரன். பின்தொடை போனப்ப யாரோ கல்லெறிஞ்ச மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பார்த்தா ஆளே இல்ல. ஆறு வாரம் படிக்கட்டுல பக்கவாட்டாதான் இறங்கினேன்.

பழைய கோல்கம்பம்: உங்களுக்கும் ஃபிஃபா அட்டவணைதான் காரணமோ? 1956-ல இங்கிலாந்தோட எஃப்.ஏ. கோப்பை இறுதியில மான்செஸ்டர் சிட்டி ட்ரவுட்மான் கழுத்தெலும்பு முறிஞ்சும் கடைசிவரை நின்னார். அப்போ மாத்து ஆளே கிடையாது. இப்போ அஞ்சு பேர்.

தொடைத்தசை: அவர் கோல்கீப்பர் சாமி! எலும்பு முறிஞ்சதே அவருக்கு அப்புறம்தான் தெரியும். அஞ்சு மாத்துல சென்டர் பேக்கை, அதான் நடுத் தற்காப்பு ஆளை, எத்தனை தடவை எடுக்குறாங்க? 2010-ல ஒரு ஆய்வு வந்துச்சு. வாரம் ரெண்டு மேட்ச் ஆடினாலும் ஓடின தூரம் குறையல. ஆனா ஆயிரம் மணி நேரத்துக்குக் காயம் 4.1-லேருந்து 25.6 ஆயிருச்சு.

பழைய கோல்கம்பம்: "ஓடின தூரம் குறையல." நீங்களே சொல்லிட்டீங்க, நன்றி.

தொடைத்தசை: அடுத்த வரியையும் படிங்க!!

கார்னர் கொடி: மான்செஸ்டர் சிட்டி நடுக்கள ஆளு ரோட்ரி 2024 செப்டம்பர்ல, 40, 50 ஆட்டத்துக்கு மேல உச்சத்துல ஆட முடியாது, ஸ்ட்ரைக் பக்கத்துல வந்துட்டோம்னார். ஒரு வாரத்துக்குள்ள முழங்கால் காலி.

பழைய கோல்கம்பம்: அது கார்னர்ல நடந்த தள்ளுமுள்ளு. அட்டவணையா வந்து தள்ளுச்சு?

தொடைத்தசை: 2022 உலகக் கோப்பையில சவுதி 2-1 ஜெயிச்ச அன்னிக்கு "அர்ஜென்டினா மூட்டை கட்டலாம்"னு எழுதிட்டு, அவங்க கோப்பையைத் தூக்குற வரைக்கும் தலைமறைவா இருந்தவர்தானே நீங்க?

பழைய கோல்கம்பம்: அப்போ ஊர்ல இல்ல. தவிர நான் சொன்னது அவங்க தற்காப்பைப் பத்தி மட்டும்.

கார்னர் கொடி: ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, போடவா?

பழைய கோல்கம்பம்: போடுங்க. கூடவே 2021-ல மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போகவே மாட்டார்னு நீங்க கட்டின பந்தயத்தையும் போடுங்க.

பெஞ்ச் சூடு: 2025-ல 32 அணி கிளப் உலகக் கோப்பை, 2026-ல நாடுகளோட உலகக் கோப்பைக்கு 48 அணி, 104 ஆட்டம். ஐரோப்பிய கிளப்புகளோட சாம்பியன்ஸ் லீக்லயும் முதல் சுற்றுல ஒரு அணிக்கு ஆட்டம் ஆறுலேருந்து எட்டாயிருச்சு. இதைப் பத்தி யாராச்சும் பேசுவீங்களா?

தொடைத்தசை: அதைத்தானே காலையிலேருந்து கத்திக்கிட்டிருக்கேன்!

பழைய கோல்கம்பம்: 104 இருக்கட்டும். முதல்ல 73-க்குப் பதில் வரட்டும்.