1964 டிசம்பர் ரேடியோ: உள்ளே இருக்கும் பாகங்களில் எதை வைக்கலாம், எதை எடுக்கணும்?

உச்சிப்புளி ஆர்ட் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தனுஷ்கோடிப் புயலை வைத்து ஒரு குறும்படம் எடுக்கிறோம். 1964 டிசம்பர் 22 சாயங்காலம், ராமநாதபுரம் டவுனில் ஒரு டீக்கடை. மேசை ரேடியோவின் பின்தட்டைக் கழற்றி வைத்து மெக்கானிக் வேலை பார்க்கிறார். கேமரா பெட்டிக்கு உள்ளேயே போகிறது, கிட்டத்தட்ட நாற்பது வினாடி. வெளியே மட்டும் பழசாகத் தெரிந்தால் போதாது. அடுத்த காட்சி தனுஷ்கோடியில் ஒரு மீனவர் குடிசை, அங்கேயும் ஒரு ரேடியோ பாடுகிறது.

மரப்பெட்டியும் சேசிஸும் (பாகங்களைப் பொருத்தும் உலோகத் தட்டு) கிடைத்துவிட்டன. வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக் குழல்) ஐந்து: ஈசிஎச்81, ஈஎஃப்89, ஈபிசி81, ஈஎல்84, ஈஇசட்80. ஆனால் பிற்காலத்தில் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். ஈஇசட்80 சாக்கெட்டின் அடியில் கறுப்பு டயோடு இரண்டு, வண்ணப் பட்டை போட்ட தட்டைக் கெப்பாசிட்டர்கள், நீல நிற ரெசிஸ்டர்கள், டயல் விளக்குக்குப் பதில் சிவப்பு எல்இடி. காயலான் கடையில் எடை போட்டு ஒரு கூடைப் பழைய பாகமும் வாங்கி வைத்திருக்கிறோம். அதில் எது 1964க்கு முந்தியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடற்கரை ஊர் என்பதால் சேசிஸை நன்றாகத் துருப்பிடிக்க வைக்கலாம் என்றும் யோசனை.

மண்டபம் வால்வு எழுதியது:

தம்பி, ரேடியோவின் வருஷத்தைப் பெட்டி சொல்லாது. உள்ளே இருப்பதிலேயே புதுசு எதுவோ அதுதான் சொல்லும். சிவப்பு எல்இடியை ஆய்வுக்கூடத்தில் 1962லேயே செய்துவிட்டார்கள் என்றாலும் கடைச்சரக்காக வந்தது 1968 வாக்கில். அந்த ஒன்று உள்ளே இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதை எடுத்துவிட்டு 6.3 வோல்ட், 0.3 ஆம்பியர் திருகு பல்பு இரண்டு போடுங்கள். டயல் கண்ணாடிக்குப் பின்னால் வரும் அந்த மஞ்சள் வெளிச்சத்தை எல்இடியால் கொண்டுவர முடியாது.

கறுப்பு டயோடுகளும் போகணும். ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ஈஇசட்80 வால்வு செத்த பிறகு, அதற்குப் பதிலாகச் செலவைக் குறைக்கப் பின்னாளில் செய்த வேலை அது.

ஐந்து வால்வும் ஒரே காலத்துச் சேர்க்கைதான், வைத்துக்கொள்ளலாம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961ல் ரிசீவிங் வால்வு செய்யத் தொடங்கியது. அதனால் அவர்கள் முத்திரை போட்ட வால்வும் உங்கள் கதைக்குப் பொருந்தும், எல்லாமே வெளிநாட்டுச் சரக்காக இருக்கணும் என்றில்லை.

வால்வைத் தின்னர், ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். கண்ணாடியில் இருக்கும் எழுத்து விரல் பட்டாலே உதிரும், அது போனால் திரும்ப வராது. உலர்ந்த பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். உச்சியில் வெள்ளிப்பூச்சு கண்ணாடி மாதிரிப் பளபளக்கணும். அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, கேமராவில் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

முல்லார்ட், பிலிப்ஸ் வால்வுகளில் அடிப்பக்கம், பின்களுக்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில் சின்னதாக இரண்டு வரி பொறித்திருக்கும். மேல்வரி வால்வு வகை. கீழ்வரியில் முதல் எழுத்து தொழிற்சாலை, அடுத்து வருஷத்தின் கடைசி இலக்கம், அடுத்து மாதம் (ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர்), கடைசியில் வாரம். தெரியவில்லை என்றால் வால்வை ஃப்ரிட்ஜில் கால் மணி நேரம் வைத்து எடுங்கள். கண்ணாடியில் பனி பூக்கும்போது பொறித்த இடம் தனியாகத் தெரியும். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை கண்டன்ஸர் எழுதியது:

கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் பக்கம் நான் சொல்கிறேன்.

வண்ணப் பட்டை போட்ட தட்டை பாலியெஸ்டர் கெப்பாசிட்டர் அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் செட்டுகளில் நிறைந்தது. அத்தனையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இருக்க வேண்டியது மெழுகில் முக்கிய காகிதக் கெப்பாசிட்டர். நல்ல நிலையில் இப்போது கிடைப்பது அரிது, கிடைத்தாலும் மெழுகு உதிர்ந்து அழுக்கேறி இருக்கும். செய்துவிடுவதே நல்லது.

14 மில்லிமீட்டர் தடிமன் குச்சியில் பழுப்புக் காகிதத்தை நாலு சுற்று, மைதா பசை தடவிச் சுற்றுங்கள். நீளம் 45 மில்லிமீட்டர். லேபிளை லேசர் பிரிண்டரில் எடுங்கள், இங்க்ஜெட் என்றால் பசை பட்டதும் ஊறிவிடும். எழுத்து 0.1 எம்.எஃப்.டி., 400 வோல்ட் என்று வரட்டும், எம்.எஃப்.டி. என்றால் மைக்ரோஃபாரட். அந்தக் காலக் காகிதக் கெப்பாசிட்டரில் 0.01, 0.02, 0.05, 0.1 என்ற மதிப்புகள்தான் பெரும்பாலும். 0.047 என்றோ அதையே 473 என்று இன்றைய மூன்று இலக்கக் குறியிலோ போட்டால் விஷயம் தெரிந்தவன் கண்ணில் உடனே குத்தும். ஒரு முனை ஓரமாகச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு போடுங்கள், வெளித்தகடு எந்தப் பக்கம் என்பதற்கான அடையாளம் அது.

குழாய்க்குள் 0.8 மில்லிமீட்டர் ஈயம் பூசிய செம்புக் கம்பியை இரண்டு பக்கமும் நிறுத்தி, வாயைக் கெட்டியான மெழுகால் அடைக்கவும். முக்குவதற்கு மெழுகுவத்தி மெழுகு நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 80 டிகிரி வாக்கில் உருக்குங்கள். கம்பியைப் பிடித்து மூன்று வினாடி முக்கி, தொங்கவிட்டு ஆறவிட்டு, இன்னொரு தடவை. மெழுகு அதிகம் சூடானால் பூச்சு மெல்லிசாகி லேபிள் வெறுமையாகத் தெரியும், சூடு குறைந்தால் கட்டி கட்டியாக நிற்கும். தேன்மெழுகைத் தவிர்க்காதீர்கள். வெறும் மெழுகுவத்தி மெழுகு ஷூட்டிங் விளக்குச் சூட்டிலேயே இளகிவிடும். சால்டர் பண்ணும்போது கெப்பாசிட்டருக்கும் இணைப்புக்கும் நடுவில் முதலைக் கிளிப் ஒன்று மாட்டுங்கள், இல்லாவிட்டால் கம்பி வழியாகச் சூடு ஏறி வாய் மெழுகு ஒழுகும்.

எலெக்ட்ரோலிட்டிக்கில் (டப்பா வடிவக் கெப்பாசிட்டர்) மண்டையில் குறுக்குவெட்டும், உறையில் 105 டிகிரி என்ற அச்சும் இருந்தால் இந்தக் காலத்தது. சேசிஸ் மேல் நிற்கிற பழைய அலுமினிய டப்பா, 50+50, 350 வோல்ட், செத்துப்போனதாக இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே நிற்கட்டும்.

ரெசிஸ்டர்: நீலம் வேண்டாம், ஐந்து பட்டை வேண்டாம். அன்றைய கார்பன் கம்போசிஷன் நேரான உருளை, பழுப்பு நிறம், விளிம்பு கூராக வெட்டியது போல இருக்கும். இன்றைய கார்பன் ஃபிலிம் இரண்டு முனையும் வீங்கி இடுப்பு ஒடுங்கியிருக்கும். 2 வாட் எடுத்து இடுப்பை எம்-சீலால் நிரப்பி, காய்ந்ததும் தேய்த்து, பழுப்பு எனாமல் அடித்துப் பட்டை வரையுங்கள். 470 கிலோ ஓம் என்றால் மஞ்சள், ஊதா, மஞ்சள், வெள்ளி. கடைசிப் பட்டை வெள்ளியாகவே பெரும்பாலும் இருக்கட்டும், பத்து சதவீதம்தான் அன்றைக்குச் சாதாரணச் சரக்கு.

இணைப்பு எல்லாம் டேக் ஸ்டிரிப் (சால்டர் பண்ண உலோகக் காதுகள் வரிசையாக உள்ள பட்டை) மேல். கேபிள் டை, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறை) இரண்டும் கூடாது. கம்பிக்கட்டை மெழுகு நூலால் முடியுங்கள், வெற்றுக் கம்பி மேல் வார்னிஷ் துணி ஸ்லீவ் போடுங்கள். சேசிஸ் திருகுகளில் நட்சத்திர மண்டை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் ஒற்றை வெட்டுத் திருகாக மாற்றணும். 4பிஏ என்ற பழைய பிரிட்டிஷ் அளவுத் திருகு 3.6 மில்லிமீட்டர். அந்த ஓட்டையில் இன்றைய 4 மில்லிமீட்டர் எம்4 போகாது, முறுக்கி ஏற்றினால் புரி போய்விடும்.

உச்சிப்புளி ஆர்ட்:

ஃப்ரிட்ஜ் வேலை பிரமாதம் அண்ணே, எழுத்து தெளிவாக வந்தது. ஈஎல்84ல் மேல்வரி ஆர்எக்ஸ்1, கீழ்வரி பி4கே2. இது 1954ஆ, 1964ஆ?

மண்டபம் வால்வு:

பி என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலை. இந்த இரண்டு வரி முறை ஐம்பதுகளின் நடுவில்தான் வந்தது, அதனால் 4 என்பது 1954 ஆக முடியாது. 1964, நவம்பர், இரண்டாம் வாரம்.

உங்கள் கதை டிசம்பர் 22ல் நடக்கிறது. நவம்பர் நடுவில் பிளாக்பர்னில் செய்த வால்வு கப்பலேறி, சுங்கம் தாண்டி, கடைக்கு வந்து, ஆறு வாரத்துக்குள் ராமநாதபுரம் டீக்கடை ரேடியோவில் உட்கார்ந்திருக்க வழியே இல்லை. வேறு ஈஎல்84 தேடுங்கள். கிடைக்காவிட்டால் இதன் உருவத்தில் குறை ஒன்றுமில்லை, ஆனால் சாக்கெட்டில் வால்வு ஒரே திசையில்தான் உட்காரும், திருப்பி வைக்க முடியாது. எழுத்து கேமரா பக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, வந்தால் அந்த இடத்தில் மட்டும் லேசாக எண்ணெய்ப் புகை பிடிக்க விடுங்கள். பொறித்ததைச் சுரண்டாதீர்கள்.

சேதுக்கரை டயல் எழுதியது:

துரு விஷயத்தில் அவசரப்படாதீங்க. 1962ல் வாங்கிய செட் என்று வைத்துக்கொண்டால் 1964 டிசம்பரில் அது இரண்டு வருஷத்துப் பொருள். இன்றைக்கு நம் கைக்கு அறுபது வருஷம் கழித்து வருவதால் ரேடியோ என்றாலே துருவும் சிலந்திவலையுமாக நினைத்துக்கொள்கிறோம். டீக்கடை அலமாரியில் இரண்டு வருஷம் இருந்த செட்டுக்கு வார்னிஷ் பளபளப்பு போயிருக்காது. மேலே அடுப்புப் புகை படிந்திருக்கும், குமிழில் கை எண்ணெய், துணியில் ஈ உட்கார்ந்த புள்ளி, சேசிஸ் மேல் பஞ்சு மாதிரித் தூசி. பித்தளை டேக்கில் லேசான பச்சை வரலாம், உப்புக்காற்று ஊர்தானே. அதற்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே சேசிஸில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீங்க. அது காட்மியம் பூச்சாக இருக்கலாம், அந்தத் தூள் மூச்சில் போனால் விஷம். ஈரத்துணியால் துடைத்துத் துணியை எறிந்துவிடுங்கள்.

டயல் கண்ணாடியைப் பார்த்தீங்களா? எண்கள் கிலோசைக்கிளில் (இன்றைய கிலோஹெர்ட்ஸ்) இருக்கணும். ஹெர்ட்ஸ் என்ற பெயரை 1960ல் சர்வதேச அளவில் ஏற்றாலும் டயல்களில் அது வந்துசேரப் பல வருஷம் ஆனது. எஃப்.எம். பட்டை இருந்தால் கண்ணாடியையே மாற்றுங்கள், இந்தியாவில் எஃப்.எம். 1977ல் சென்னையில்தான் ஆரம்பம். நிலையப் பெயர்களில் சிலோன், மெட்ராஸ், திருச்சி இருக்கலாம். மதுரை இருக்கக்கூடாது, அங்கே வானொலி நிலையம் வந்தது எண்பதுகளில். அலமாரியில் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் ஒன்று வையுங்கள். தபால் நிலையத்தில் கட்டணம் கட்டி முத்திரை வாங்கிய காலம் அது.

குடிசைக்கு இதே செட்டைக் கொண்டுபோகாதீங்க. கரெண்ட் இல்லாத இடத்துக்கு பேட்டரி வால்வு செட்தான்: டிகே96, டிஎஃப்96, டிஏஎஃப்96, டிஎல்96. 90 வோல்ட் பேட்டரிக் கட்டு ஒன்று, 1.5 வோல்ட் கட்டு ஒன்று, இவற்றுக்கு அட்டைப்பெட்டியில் மாதிரி செய்தால் போதும், உள்ளே காலியாக இருக்கலாம். இந்த வால்வுகளின் இழை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எரியாது, பேட்டரியை மிச்சம் பிடிக்க டயல் விளக்கும் பெரும்பாலும் கிடையாது. ஆகவே வெளிச்சம் எதுவும் போட வேண்டாம், இருட்டாக இருப்பதே சரி. இழைக்கு 1.4 வோல்ட்தான். டீக்கடை செட்டின் 6.3 வோல்ட்டைத் தவறி இதற்குக் கொடுத்தால் நான்கும் ஒரே நொடியில் போய்விடும். வெளியே இரண்டு பனைமரத்துக்கு நடுவில் செம்புக்கம்பி ஏரியல், இரு முனையிலும் பீங்கான் முட்டை இன்சுலேட்டர், எர்த் கம்பி ஈரமணலில் இறங்கணும்.

உச்சிப்புளி ஆர்ட்:

டீக்கடை செட்டில் வால்வு எரிவது தெரியணும். 230 வோல்ட்டில் மாட்டலாமா?

கீழக்கரை கண்டன்ஸர்:

மாட்டவே கூடாது. பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டால் ஈஇசட்80 சூடேறியதும் சேசிஸுக்குள் 250 வோல்ட்டுக்கு மேல் டி.சி. வந்துவிடும், நடிகர் கை அதற்குள்தான் இருக்கப்போகிறது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் கம்பிகளைக் கழற்றி முனையை மூடிவிட்டு, ஹீட்டர் (வால்வைச் சூடேற்றும் இழை) வரிசைக்கு மட்டும் தனியாக 6.3 வோல்ட் கொடுங்கள்.

கணக்கு: ஈசிஎச்81 0.3, ஈஎஃப்89 0.2, ஈபிசி81 0.23, ஈஎல்84 0.76, ஈஇசட்80 0.6, மொத்தம் 2.09 ஆம்பியர். பல்பு இரண்டுக்கு 0.6. ஆக 2.69. 6.3 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும், அதைப் பெட்டிக்கு வெளியே மேசைக்கு அடியில் ஒளித்து வையுங்கள். நீளக் கம்பியில் வோல்ட் இறங்கும், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டு, சாக்கெட்டில் மீட்டர் வைத்து 6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா பாருங்கள். ஷாட்டுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே போட்டுவிடுங்கள், வால்வு முழுசாகச் சிவக்க அரை நிமிஷம் ஆகும்.

சேதுக்கரை டயல்:

குடிசைக் காட்சி முடிந்ததும் செட்டை மணலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீங்க. தனுஷ்கோடிக் காற்றில் உப்பு ஒரே மதியத்தில் சேசிஸில் பிசுபிசுக்கும், அதன் மேல் ராத்திரிப் பனி இறங்கினால் மறுநாள் ஷாட்டில் நிறம் மாறித் தெரியும். மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பைகளோடு வையுங்கள். ராமேஸ்வரம் திரும்பியதும் உலோகப் பாகங்களை டிஸ்டில்டு வாட்டர் தொட்ட துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் உலர்த்திவிட்டு மூடுங்கள். மெழுகுக் கெப்பாசிட்டர் மேல் ஹேர் டிரையர் காட்டக்கூடாது.