சிறிய வீட்டுப் புல்தரைகளுக்கு எந்த லான் மோவர் பொருந்தும்?

பசும்புல் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். அடையாறு, பெசன்ட் நகர், நீலாங்கரைப் பகுதிகளில் தனி வீடுகளின் தோட்டங்களைப் பராமரிக்கும் தொழில் செய்து வருகிறோம். பெரும்பாலான புல்தரைகள் 300 முதல் 1,200 சதுர அடிக்குள் அடங்கிவிடும். தோளில் மாட்டி வெட்டும் பிரஷ் கட்டரால் எவ்வளவு தேர்ந்தவர் வெட்டினாலும் உயரம் ஒரே சீராக அமைவதில்லை என்பதால், தினமும் பல வீடுகளில் தாங்கி உழைக்கக்கூடிய மோவர் ஒன்றை வாங்க எண்ணுகிறோம். 30 அங்குல வெட்டு அகலம் கொண்டது நேரத்தை மிச்சப்படுத்தும் என்று சிலர் கூறுகின்றனர். இயந்திரத்தைக் குட்டி யானையில் ஏற்றி இறக்க வேண்டும். பல வீடுகளில் பக்கச் சந்தின் அகலம் மூன்றடிகூட இல்லை. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

தோட்டத்துணை:
30 அங்குலம் என்பது பிளேடு வெட்டும் அகலம் மட்டுமே. பிளேடை மூடியிருக்கும் கூடான டெக்கையும் சக்கரங்களையும் சேர்த்தால் இயந்திரத்தின் மொத்த அகலம் அதைவிடக் கூடுதலாகும். எனவே வாங்குவதற்கு முன், உங்கள் வீடுகளிலேயே மிகக் குறுகிய கேட்டையும், சந்து முடிந்து பின்புறம் திரும்பும் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். கேட்டில் நுழைந்துவிட்ட இயந்திரம், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே திரும்ப முடியாமல் நின்றுவிடக்கூடும்.

சிறிய தரையில் நேரம் பெரும்பாலும் திரும்புவதிலும், செடிகளையும் சுவரோரத்தையும் ஒட்டி வெட்டுவதிலும்தான் செலவாகிறது. நேராக ஓடும் தூரம் குறைவு என்பதால் அகலமான டெக்கின் பயன் அங்கே கிடைப்பதில்லை. 19 அல்லது 21 அங்குலமே போதுமானது என்பது என் உறுதியான கருத்து. 160 சிசி அளவிலான நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜின் அதற்குத் தாராளம்.

உயரத்தை மாற்றும் அமைப்பைக் கட்டாயம் கவனியுங்கள். அருகம்புல் வகைத் தரையை ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குல உயரத்தில் வைக்கலாம். அகன்ற இலையுள்ள பஃபலோ புல்லையோ இரண்டரை அங்குலத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. வீட்டுக்கு வீடு புல் மாறும்போது, நான்கு சக்கரங்களையும் தனித்தனியே மாற்றுவதைவிட ஒரே நெம்புகோலில் மாற்றுவது எவ்வளவோ மேல்.

கொரியன்புல்:
மேலே கூறியவற்றை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். கொரியன் புல் காலப்போக்கில் மேடுமேடாகத் திரளும் இயல்புடையது. பெட்ரோல் மோவரின் சுழலும் பிளேடு அந்த மேடுகளின் தலையைச் சீவிவிடுவதால், பழுப்புத் திட்டுகள் தோன்றும். அத்தகைய சிறு தரைகளுக்குக் கத்தரிக்கோலைப் போல் நறுக்கும், கையால் தள்ளும் சிலிண்டர் மோவர் ஒன்றையும் வண்டியில் வைத்திருங்கள். சுழலும் பிளேடை அடிக்கடி சாணை பிடிக்கவும் வேண்டும். முனை மழுங்கினால் புல் வெட்டுப்படாமல் கிழிபட்டு, நுனி வெளுத்துவிடும்.

கடலோரம்:
நீலாங்கரையின் உப்புக் காற்றில் இரும்பு டெக் விரைவில் துருப்பிடிக்கும். அலுமினிய டெக்கையே கேளுங்கள். பேட்டரி வகையில் ஓசையும் புகையும் இல்லை என்றாலும், மே மாத வெயிலில் மூடிய வண்டிக்குள் கிடக்கும் லித்தியம் பேட்டரியின் ஆயுள் குறையும். சூடாக இருக்கும்போது சார்ஜ் செய்வதும் நல்லதன்று. பெட்ரோல் இயந்திரத்தைச் சில வாரங்கள் நிறுத்திவைப்பதானால், கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும்.

பசும்புல்:
மிக்க நன்றி. 21 அங்குலம், அலுமினிய டெக் என்று முடிவு செய்துள்ளோம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புல் வேகமாக வளர்கிறது. ஆனால் தரை காய்வதே இல்லை. அப்போது என்ன செய்வது?

தோட்டத்துணை:
தரையில் கால் வைத்தால் நீர் கசியும் நிலையில் இயந்திரத்தை இறக்காதீர்கள். சக்கரத் தடம் பதிந்து மண் இறுகிவிடும், ஈரப் புல்லும் டெக்கின் அடியில் அப்பிக்கொள்ளும். இரண்டு நாள் வெயில் கிடைத்ததும் உயரத்தை ஏற்றிவைத்து, ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காமல் வெட்டுங்கள். மீதியைச் சில நாள் கழித்து எடுத்துக்கொள்ளலாம். டெக்கைச் சுத்தம் செய்யக் கை வைப்பதற்கு முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.