விசாரணை இல்லாமல் கடை வேலையிலிருந்து நீக்கினால் எங்கே முறையிடுவது?

ஈரோட்டுவாசி:
தம்பி ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் 4 வருடமாக பில்லிங் பார்க்கிறான். ஸ்டாக் குறைகிறது என்று சொல்லி, போன வாரம் மேனேஜர் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். மெமோ இல்லை, விசாரணை இல்லை. எழுத்தில் விளக்கம் கேட்டு விசாரித்த பிறகே நடவடிக்கை என்று கடையின் விதிமுறையிலேயே இருக்கிறது. இப்போது ராஜினாமா கடிதம் கொடுத்தால்தான் பாக்கிச் சம்பளம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பிரிவு41:
கொடுக்கவே வேண்டாம். ராஜினாமா கொடுத்துவிட்டால் நீக்கினார்கள் என்ற வாதமே போய்விடும். பிறகு, மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில் விழும். வெற்றுத்தாள், "கணக்குத் தீர்ந்தது" என்ற ரசீது, இவற்றிலும் கையெழுத்து கூடாது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41-ஐப் பாருங்கள். 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். தவறு செய்தார் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நீக்குவதானால், விசாரணை நடத்தி சாட்சியம் பதிவு செய்திருக்க வேண்டும். கடை விதிமுறையில் ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

41(2)-இன் கீழ் மேல்முறையீட்டுக்கு நீக்க உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்தான். வாட்ஸ்அப் வந்த தேதியையே முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். முறையான உத்தரவு வரட்டும் என்று காத்திருந்துதான் பலர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் பகுதிக்கு 41(2) மேல்முறையீட்டு அதிகாரி யார் என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். நாள் கடந்திருந்தால் தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லித் தனி மனு சேர்க்க வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பில்லிங் ஆளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

தொழிற்சங்கத் தோழர்:
இன்றே ஒரு கடிதம் போடுங்கள். "இந்தத் தேதியில் இந்தச் செய்தி மூலம் வேலைக்கு வர வேண்டாம் என்றீர்கள். குற்றச்சாட்டு மறுக்கப்படுகிறது. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், வேலை கொடுங்கள்." இவ்வளவு போதும். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இது இல்லையென்றால், "நாங்கள் நீக்கவில்லை, அவராகவே வருவதை நிறுத்திக்கொண்டார்" என்று முதலாளி தரப்பு சொல்லும். லீவு சொல்லாமல் நின்றவரின் பெயரை விசாரணை இல்லாமல் வேலைப் பதிவேட்டிலிருந்து அடித்து நீக்குவதே செல்லாது என்று டி.கே. யாதவ் வழக்கில் (1993) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட்டோடு விட்டுவிடாதீர்கள்; அந்த போனையே மாற்றாமல் வையுங்கள். சம்பளம் வரவான வங்கிக் கணக்கு, பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. எண், வருகைப் பதிவின் போட்டோ என எது கிடைத்தாலும் எடுத்துவையுங்கள்.

வழக்குமன்றத்தான்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் விசாரணை நடக்கவில்லை என்பதாலேயே ஜெயித்துவிடலாம் என்று இருந்துவிடாதீர்கள். 41(2) அதிகாரி தானே சாட்சியம் பதிவு செய்யலாம் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஸ்டாக் குறைவை அங்கே நிரூபிக்க முதலாளி முயல்வார். அந்த ஸ்டாக்குக்குப் பொறுப்பு யார், சாவி யாரிடம், பில் கம்ப்யூட்டரில் எத்தனை பேர் ஒரே பாஸ்வேர்டு போடுகிறார்கள் என்பதையெல்லாம் மனுவிலேயே எழுதுங்கள். ஸ்டாக் பதிவேட்டையும் சிசிடிவி பதிவையும் தாக்கல் செய்யச் சொல்லித் தனி மனு போடுங்கள். சிசிடிவி சீக்கிரம் அழிந்துவிடும்.

வேலை திரும்பக் கிடைத்தால் இடைப்பட்ட காலத்துச் சம்பளமும் வேண்டுமல்லவா? நீக்கிய பிறகு வேறு வருமானம் இல்லை என்று மனுவில் சொல்ல வேண்டும். தீபாலி வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அப்படிச் சொன்ன பிறகு அவர் வேறு இடத்தில் சம்பாதித்தார் என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு.

ஈரோட்டுவாசி:
நன்றி. பாக்கிச் சம்பளத்துக்கும் இதே மனுவா?

பிரிவு41:
இல்லை, அது தனி. நீக்கினால் 2 வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு ராஜினாமாவை நிபந்தனையாக வைக்க முடியாது. தொழிலாளர் துறையில் தனிப் புகார் கொடுங்கள். பாக்கியைக் கொடுத்தால், "மேல்முறையீட்டு உரிமைக்குப் பாதகமின்றிப் பெறப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.