குழந்தைக்கு நாக்கு கீழ ஒட்டியிருந்து, அடியில இருக்கற சவ்வ வெட்டினவங்க இருக்கீங்களா? எங்க கதை இது

மூணாவது நாளே எனக்கு காம்பு ரெண்டும் வெடிச்சு ரத்தம். முதல் குழந்தைன்னா அப்படித்தான், பழகிடும்னாங்க, நானும் பல்லக் கடிச்சுக்கிட்டு குடுத்தேன், ஆனா முக்கால் மணி நேரம் குடிச்சுட்டு பத்து நிமிஷத்துல திரும்ப வீல்னு கத்துவான், குடிக்கும்போது டொக்கு டொக்குனு சத்தம் வேற, வாய எடுத்தா காம்பு நசுங்கி லிப்ஸ்டிக் முனை மாதிரி சாஞ்சு கெடக்கும். ரெண்டு வாரமாகியும் பிறந்த எடைக்கே வரல. அப்பதான் பால் குடுக்க சொல்லித்தர்ற நர்ஸ் ஒருத்தங்க பக்கத்துலயே உக்காந்து ஒரு தடவை முழுசா பாத்தாங்க. அழும்போது நாக்கு நுனி நடுவுல பள்ளமாகி ஹார்ட்டின் மாதிரி இருக்கு, கீழ் ஈறத் தாண்டி வரவே மாட்டேங்குது.

டாக்டர் மொதல்ல கேட்டது, பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டாச்சா, குடும்பத்துல ரத்தம் நிக்காத பிரச்சன உண்டான்னு. அப்புறம் துணியில இறுக்கிச் சுத்தி, நாக்கத் தூக்கி, மொன்ன முனை கத்திரியால ஒரே வெட்டு, மயக்க மருந்துகூட இல்ல. வெளிய நின்னு நான் அழுத நேரம்தான் அதிகம். ரெண்டு மூணு சொட்டு ரத்தம், உடனே மார்ல போடச் சொன்னாங்க. மறுநாள் நாக்குக்கு அடியில வெள்ளையா இருக்கவும் சீழ்னு பதறிட்டேன், புண்ணு ஆறுறது அப்படித்தானாம், பத்து நாள்ல மறைஞ்சுது. வலி அன்னைக்கே போகல, எனக்கு அஞ்சு நாளாச்சு.

— குட்டிப்பையன் அம்மா

எங்களுக்கு அப்படியே உல்டா. பாப்பா பால் குடிக்கறத ஒரு நிமிஷம்கூட பாக்காம, நாக்கு அடியில பின்பக்கம் ஒட்டு இருக்கு, மேல் உதட்டுலயும் இருக்கு, ரெண்டையும் லேசர் பண்ணிடலாம்னு ஒருத்தர் சொன்னாரு. மனசு கேக்கல, வேற டாக்டர்கிட்ட போனோம். அவங்க குழந்தைய பிடிக்கற விதத்த மாத்தி, வாய நல்லா பெருசா தொறந்தப்புறம் வைக்கச் சொன்னாங்க, மூணே நாள்ல சரி. 2024ல அமெரிக்க குழந்தைகள் நல மருத்துவ அகாடமி குடுத்த அறிக்கையிலயும் இந்தப் பின்பக்க ஒட்டுக்கு சரியான வரையறையே இல்லன்னுதான் இருக்கு. ஒட்டு இருந்தும் நல்லா குடிக்கற குழந்தைங்க நெறைய.

— ரெட்டைஜடை

நாங்க ஆறாவது வாரம்தான் வெட்டினோம். வலி சுத்தமா போச்சு, உண்மை. ஆனா அதுக்குள்ள எனக்கு பால் கொறஞ்சுடுச்சு, பம்ப் பண்ணி பண்ணி ஏத்தவே ஒரு மாசம், இன்னமும் பாதி பாட்டில்தான். வெட்டுனா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சது என் தப்பு. ஆமா, திரும்ப ஒட்டிக்காம இருக்கன்னு புண்ண விரலால தேய்ச்சு பயிற்சி குடுக்கச் சொன்னாங்களா உங்களுக்கு? எனக்கு ஒரு நாளைக்கு ஆறு தடவைன்னாங்க, அவ கத்துன கத்துல ரெண்டாவது நாளே விட்டுட்டேன்.

— தூக்கம் கெட்டவள்

எங்க டாக்டர் அதெல்லாம் வேணாம்னுட்டாரு சிஸ்டர். பசிச்சா அவனே நாக்க ஆட்டப்போறான், நீங்க பால மட்டும் குடுங்கன்னாரு.

— குட்டிப்பையன் அம்மா