ஃப்ரூட் கேக்கை எங்கே, எப்படிச் சந்தித்தீர்கள்?

கோவைக்காரன்:
டென்வர் ஆபீஸில் ஒரு கஸ்டமரைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்த ஆள் ஒரு ஃப்ரூட் கேக்" என்றார் மேனேஜர். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து சீட்காரரிடம் மெல்லக் கேட்டேன். மறை கழண்ட கேஸ் என்று அர்த்தமாம். அமெரிக்கப் பேச்சில் 'நட்ஸ்' என்றால் கிறுக்கு. முந்திரி, பாதாம் மாதிரிக் கொட்டைப் பருப்புகளுக்கும் அதே பேர். இந்தக் கேக்கில் வெட்டுகிற இடமெல்லாம் நட்ஸ்தானே! 1930களில் கிளம்பிய கேலி. பிறகு தன்பாலின ஆண்களை இழிவுபடுத்தவும் இதையே சொல்லியிருக்கிறார்கள். அதனால் காதில் விழுந்தால் புரிந்துகொள்ளுங்கள், வாயில் எடுக்காதீர்கள்.

டென்வர் இருக்கிற இதே கொலராடோ மாநிலத்தில் மானிட்டூ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஃப்ரூட் கேக்கைத் தூர எறியும் போட்டியே உண்டு. 1996இல் ஆரம்பித்தது.

யாழ்ப்பாணத்தாள்:
எறியிறதோ! எங்கட பக்கம் இந்தக் கேக்குக்கு றிச் கேக் எண்டு பேர், அதுக்கு மரியாதையே வேற. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, கனநாள் முந்தியே பிளம்ஸ், சுல்தானா, செரி, இஞ்சிப் பாகு, சௌசௌ, பூசணித் தோசி (சீனிப் பாகில போட்ட பூசணி) எல்லாத்தையும் அம்மா பொடிப்பொடியா வெட்டுவிச்சு, பிரண்டியில ஊறப்போட்டுப் போத்தலை இறுக்கி மூடிடுவா. வெட்டுறது பிள்ளையளின்ர வேலை. கஜுவில, அதுதான் முந்திரிப் பருப்பில, பாதி எங்கட வாய்க்குள்ள போயிடும். மாவுக்குப் பதிலா ரவை. பிறகு தேன், ரோஜாப் பன்னீர், ஏலக்காய்.

கலியாண வீட்டில மேடையில நிக்கிற அடுக்குக் கேக் அனேகமா ரெஜிபோர்ம்தான் (நீங்கள் சொல்லுற தெர்மோகோல்). சாப்பிடுற கேக் சின்னத் துண்டா, தாளில சுத்தி, குட்டிப் பெட்டியில வரும். ஒருக்கா பெரியம்மா அதைத் தின்ன விடாமல் அக்காவின்ர தலையணைக்குக் கீழ வைச்சவா. கனவில மாப்பிளை வருவாராம். வெள்ளைக்காரர் விட்டுட்டுப் போன நம்பிக்கை. விடிய எறும்புதான் வந்திருந்தது.

டல்லாஸ் வாசி:
எல்லா அமெரிக்கரும் கேலி செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இங்கிருந்து தெற்கே கார்சிகானா ஊரில் 1896இல் தொடங்கிய பேக்கரி ஒன்று இந்தக் கேக்கை வைத்தே பேர் வாங்கியது. பீகான் பருப்பு அள்ளிப் போடுவார்கள். எனக்குப் பச்சை செரிதான் ஆகாது. பொறுக்கி ஓரமாக வைத்துவிடுவேன்.

ராத்திரிப் பறவை:
கெட்டுப்போகுமா என்று வீட்டில் கேட்பவர்களுக்கு: 2017இல் அண்டார்க்டிகாவின் கேப் அடேர் குடிசையில் ஹன்ட்லி அண்ட் பால்மர்ஸ் ஃப்ரூட் கேக் ஒன்று கிடைத்தது. தென்துருவப் பயணி ஸ்காட்டின் குழுவினர் விட்டுப்போனது என்கிறார்கள், நூறு வருஷத்துக்கும் மேல். டின் துருப்பிடித்திருந்தது, கேக் அப்படியே இருந்தது. அங்கே குளிர் காப்பாற்றியது. நம் வீட்டில் சர்க்கரையும் சாராயமும்தான் காவல்.

கோவைக்காரன்:
யாழ்ப்பாணத்து அக்கா, ரவையை நெய்யில் வறுக்கணுமா?

யாழ்ப்பாணத்தாள்:
நெய் வேண்டாம் தம்பி. வெறும் சட்டியில இளஞ்சூட்டில வறுத்து, சூட்டோட பட்டரில பிரட்டி விடுங்கோ. நிறம் மாற விடாதேங்கோ.